டான் குயிக்ஸாட் மாலை: தோல்பாவைக் கூத்துக்குப் பணம் திரட்ட யோசனை சொல்லுங்கள்

வடசேரி வாசகன்:
எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவிலில் நாங்கள் கொஞ்சம் பேர் ஞாயிற்றுக்கிழமை கூடிப் புத்தகம் பேசுவது இங்கே பலருக்குத் தெரியும். செர்வாந்தஸின் ஸ்பானிய நாவல் டான் குயிக்ஸாட்டை, வீரசாகசக் கதைகளைப் படித்துப் புத்தி பேதலித்துத் தன்னையே வீரன் என்று நினைத்துக் கிளம்புகிற ஒருத்தரின் கதை, இரண்டு பாகமும் ஒருவழியாக முடித்தோம் (முதல் பாகம் 1605, இரண்டாவது 1615, நடுவில் 1614-ல் வேறொருத்தன் போலி இரண்டாம் பாகம் எழுதி விற்றான், செர்வாந்தஸ் தன் இரண்டாம் பாகத்திலேயே அவனை வைத்துக் கிழிகிழி என்று கிழித்திருக்கிறார்). முடித்த சூட்டில் ஒரு யோசனை. நம் பக்கம் தோல்பாவைக் கூத்து போடும் ஒரு குடும்பம் இருக்கிறது. பாவைகள் நைந்துவிட்டன, திரை ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு ஓடுகிறது, மைக் செட் வாடகைக்கு எடுத்தால் கையில் மிஞ்சுவது ஒன்றுமில்லை. அவர்களுக்காக ஒரு நிதி திரட்டும் மாலை நடத்தலாம் என்று இருக்கிறோம், ஸ்பானிய இலக்கியமும் ஸ்பானிய சாப்பாடுமாக.

இப்போதைக்கு மனசில் இருப்பது: ஆரல்வாய்மொழிப் பக்கம் காற்றாலைகள் பின்னால் தெரிகிற மாதிரி திறந்த இடம், காற்றாலையை அரக்கன் என்று நினைத்து அவர் சண்டை போடும் காட்சி நாடகமாக, அப்புறம் பயேயா (அரிசிச் சாப்பாடு), கஸ்பாச்சோ (குளிர்ந்த தக்காளி சூப்), சுரோஸ் (பொரித்த மாவுப் பலகாரம்). டிக்கெட் 300 ரூபாய். ஏப்ரல் 23 உலகப் புத்தக நாள், அதை ஒட்டி வைக்கலாம். எங்கே உதைக்கும், சொல்லுங்கள்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
அண்ணே, முப்பந்தலில் அவ்வளவு காற்றாலையை அழகுக்கா நட்டு வைத்திருக்கிறார்கள்? கணவாய் வழியாக வருகிற காற்று எங்கள் வீட்டுக் கொடியில் துணியைத் தங்கவிடாது. மே மாசத்துக்கு மேல்தான் முழு வேகம் என்றாலும் ஏப்ரலில் சாயங்காலம் ஒரு வீச்சு வந்தால் திரை போச்சு, விளக்கு போச்சு, இலையில் வைத்த சோறு பக்கத்து இலைக்குப் போகும். வேறு இடம் பாருங்கள்.

மார்த்தாண்டம் அடுப்பு:
சமையல் என் தொழில் என்பதால் சாப்பாட்டை மட்டும் சொல்கிறேன். பயேயா வேண்டாம். அது வலென்சியாக்காரர்கள் சமாச்சாரம், வயல்வெளி ஊர், நெல் விளையும் ஊர். குயிக்ஸாட் இருந்த லா மாஞ்சா காய்ந்த மேட்டு நிலம், ஆடும் கோதுமையும் திராட்சையும்தான். புத்தகத்தில் பயேயா என்று ஒரு சொல்கூட வராது. அது போகட்டும், செய்முறையே நமக்கு ஆகாது. அகலமான தட்டையான சட்டியில் அரிசி விரல் பருமனுக்குமேல் நிற்கக்கூடாது, கிளறக்கூடாது, அடியில் லேசாகக் காந்தல் பிடிக்க வேண்டும், அதுதான் ருசி. 200 பேருக்கு அப்படிச் செய்ய எத்தனை சட்டி, எத்தனை அடுப்பு? குங்குமப்பூ விலை வேறு. கடைசியில் மஞ்சள்பொடி போட்டு பிரியாணி அண்டாவில் கிண்டி பயேயா என்று பெயர் வைப்பீர்கள், நான் பார்த்திருக்கிறேன்.

தக்காளி கஸ்பாச்சோவும் அந்தக் காலத்துக்குச் சேராது. தக்காளி, உருளைக்கிழங்கு இரண்டும் அமெரிக்காவிலிருந்து வந்த சரக்கு, செர்வாந்தஸ் காலத்தில் சாதாரண வீட்டு அடுப்புக்கு இன்னும் வந்து சேரவில்லை. புத்தகத்தையே திறந்து பாருங்கள், முதல் பத்தியிலேயே வாராந்திர மெனு இருக்கிறது: ஆட்டை விட மாடு கூடுதலாகப் போட்ட குழம்பு, ராத்திரி மிச்ச இறைச்சியை வெங்காயத்தோடு நறுக்கிப் போட்டது, வெள்ளிக்கிழமை பருப்பு, சனிக்கிழமை முட்டையும் கொழுப்புமாக ஒன்று, ஞாயிறு எப்போதாவது புறா. இதற்கே அவர் வருமானத்தில் முக்கால் பங்கு போய்விடுகிறதாம். ஆட்டுக்கறி விலை அதிகம், மாட்டுக்கறி விலை குறைவு, அதனால்தான் அந்தக் குழம்பில் மாடு கூடுதல். கௌரவம் பெரிசு, கை கடி. நம் மாவட்டத்தில் இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

குளச்சல் அலை:
அடுப்பு அண்ணன் மெனுவோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் பாகம் இரண்டாம் அத்தியாயம், குயிக்ஸாட் முதல்முதலாக ஒரு சத்திரத்துக்குப் போகிறார். அதை அவர் கோட்டை என்று நினைத்துக்கொள்கிறார். அன்று வெள்ளிக்கிழமை, இறைச்சி கிடையாது, இருப்பது உப்பிட்ட காட் மீன், சரியாக ஊறவைக்காமல் அரைகுறையாக வெந்தது, கூட அவர் கவசம் மாதிரியே கறுத்த ரொட்டி. தலைக்கவசத்தைப் பச்சை நாடாவால் கட்டி வைத்திருக்கிறார், அவிழ்க்க மாட்டேன் என்கிறார். கையால் முகமூடியைத் தூக்கிப் பிடித்தால்தான் வாய் திறக்கும், அப்போது சாப்பாட்டை எடுக்கக் கை இல்லை. அங்கே நிற்கிற ஒரு பெண் ஊட்டிவிடுகிறாள். குடிக்க வழியே இல்லை, சத்திரக்காரன் ஒரு நாணல் குழாயைத் துளைத்து ஒரு முனையை வாயில் வைத்து மறுமுனையில் ஒயினை ஊற்றுகிறான்.

உப்பு மீன் எங்களுக்குத் தெரியாததா. நெய்மீன் கருவாடு நன்றாக ஊறவைத்து உப்பு இறக்கி, பூண்டும் எண்ணெயும் போட்டு வதக்கினால் போதும், ஸ்பெயின்காரனும் அதைத்தானே செய்கிறான். பச்சை மீன் வேண்டுமென்றாலும் ஏப்ரலில் பிரச்சினை இல்லை. ஏப்ரல் 15-ல் தொடங்கும் விசைப்படகுத் தடை கிழக்குப் பக்கத்துக்கு, எங்கள் மேற்குப் பக்கத்துக்கு ஜூன் 1 முதல்தான்.

கோட்டாறு டீச்சர்:
கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். நம் கூத்துக்குப் பணம் சேர்க்க ஸ்பெயின் எதற்கு? நம் சாப்பாடு போட்டு நம் கூத்து நடத்தினால் ஆள் வராதா? இது நகரத்து ஆட்கள் தங்கள் ரசனையைக் காட்டிக்கொள்ளும் கூட்டமாகப் போய்விடும். கூத்துக் குடும்பம் ஓரத்தில் நிற்கும், மேடையில் நீங்கள் நிற்பீர்கள். ஒரு கலை விழாவில் கண்ணால் பார்த்ததுதான் சொல்கிறேன். பேருக்குக் கலைஞர்களை அழைத்து, பொன்னாடை போர்த்தி, ஆட விட்டது இருபது நிமிஷம். வாழ்த்துரை மட்டும் ஒன்றரை மணி நேரம்.

ஸ்பெயின் நமக்கு அந்நியம் என்று நான் சொல்லவில்லை. எங்கள் பேராலயத்துப் புனிதர் சவேரியாரே நவாரா நாட்டில் சவியேர் கோட்டையில் 1506-ல் பிறந்தவர், 1544-ல் இந்தக் கடற்கரையில் நடந்தவர். கேள்வி அதுவல்ல. கூத்துக்கு அந்த மேடையில் என்ன வேலை?

பழைய கூத்துப் பைத்தியம்:
டீச்சர் கேட்டது சரியான கேள்வி. பதில் அதே புத்தகத்தில் இருக்கிறது, நீங்கள் காற்றாலையைப் பிடித்துத் தொங்குவதால் கண்ணில் படவில்லை. காற்றாலைக் காட்சி ஓரிரு பக்கம்தான். படிக்காதவனுக்கும் அது தெரியும், மேடையில் போட்டால் ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிடும்.

இரண்டாம் பாகம், 26-ஆம் அத்தியாயம். பேத்ரோ என்கிற பொம்மலாட்டக்காரன் ஒரு சத்திரத்தில் கூடாரம் போடுகிறான். உள்ளே நின்று பொம்மைகளை ஆட்டுவது அவன், வெளியே ஒரு பையன் கோலால் ஒவ்வொரு பொம்மையாகத் தொட்டுக் காட்டிக் கதை சொல்கிறான். கதை: பழைய பிராங்கியப் பேரரசர் சார்லிமேன் அரசவையைச் சேர்ந்த ஒரு வீரன், மூர்களிடம் சிறைப்பட்ட தன் மனைவியை மீட்டுக் குதிரையில் ஏற்றிக்கொண்டு ஓடுகிறான், பின்னால் படை துரத்துகிறது. பார்த்துக்கொண்டிருந்த குயிக்ஸாட்டுக்குப் பொறுக்கவில்லை. வாளை உருவிக்கொண்டு பாய்கிறார். பொம்மைகளின் தலை, கை, கால் எல்லாம் பறக்கின்றன, பேத்ரோவின் தலையே மயிரிழையில் தப்புகிறது.

எனக்குப் பிடித்தது அதற்கு அப்புறம் வருவது. பேத்ரோ உட்கார்ந்து அழுகிறான், என் பிழைப்பு போச்சே என்று. குயிக்ஸாட் தெளிந்து, சரி, விலை சொல், கொடுத்துவிடுகிறேன் என்கிறார். ஒவ்வொரு பொம்மையாகத் தரையிலிருந்து எடுத்து விலை பேசுகிறார்கள். தலை போன மூர் ராஜா மார்சிலியோவுக்கு நாலரை ரியால் (அந்தக் காலத்து ஸ்பானியக் காசு). உச்சியிலிருந்து இரண்டாகப் பிளந்த சார்லிமேனுக்குப் பேரம் நடக்கிறது. மூக்கும் ஒரு கண்ணும் போன இளவரசிக்கும் பேரம், மூக்கு போனது இளவரசியே இல்லை, வேறு யாரோ என்று குயிக்ஸாட் நடுவில் பழைய பல்லவியைத் தொடங்க, பேத்ரோ விலையைக் குறைத்துப் பணத்தைச் சீக்கிரம் வாங்கிக்கொள்ளப் பார்க்கிறான். மொத்தம் நாற்பதே முக்கால் ரியால். எண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

உடைந்த பாவைக்கு ரசிகன் பணம் கொடுக்கிற காட்சி ஐயா இது. பாவை வாங்கப் பணம் சேர்க்கும் கூட்டத்துக்கு இதைவிட என்ன வேண்டும்? நடிகர்களை வைத்துப் போடாதீர்கள். கூத்துக்காரர்களே பேத்ரோவாக இருக்கட்டும். திரை அவர்களுடையது, பாவை அவர்களுடையது, குரல் அவர்களுடையது. உங்கள் ஆள் ஒருத்தர் மட்டும் குயிக்ஸாட் வேஷம் கட்டி பார்வையாளர் வரிசையிலிருந்து எழுந்தால் போதும். மானுவேல் டி ஃபாயா என்கிற ஸ்பானிய இசைக்காரர் 1923-லேயே இந்த ஒரு அத்தியாயத்தை வைத்துப் பொம்மலாட்ட ஓபரா போட்டுவிட்டார், ஆகவே மேடைக்கு நிற்கும் என்பதில் சந்தேகமே வேண்டாம்.

வடசேரி வாசகன்:
அண்ணாச்சி, கையெடுத்துக் கும்பிடுகிறேன். வாசிக்கும்போது சிரித்துவிட்டுக் கடந்துபோன அத்தியாயம். காற்றாலையைத் தூக்கிப் போட்டாச்சு.

குளச்சல் அலை:
சார்லிமேன் என்றதும் ஒரு விஷயம். வடக்கே கேரளக் கடற்கரையில் சவிட்டு நாடகம் (பலகையைக் காலால் மிதித்து ஆடும் கிறிஸ்தவ நாடகம்) ஆடுகிறார்களே, அதில் பேர்போன கதை காறல்மான் சரிதம், அதே சார்லிமேன்தான். அந்தப் பாட்டுகளில் தமிழ் நிறைய. பேத்ரோ கூடாரத்தில் ஆடிய ராஜா இந்தப் பக்கத்துக் கடற்கரையிலும் மரப்பலகை அதிர ஆடியிருக்கிறார். டீச்சருக்காகச் சொல்கிறேன்.

தக்கலை ரசிகன்:
நல்ல யோசனை, ஆனால் ஒரு சங்கடம். மூர்கள் என்றால் முஸ்லிம்கள். மேடையில் ஒருத்தர் வாளை எடுத்து முஸ்லிம் பொம்மைகளை வெட்டுகிறார், சபை கைதட்டுகிறது. புத்தகத்தில் சிரிப்பு குயிக்ஸாட்டின் மேல்தான், எனக்குத் தெரியும். அந்தக் கதையையே ஒரு அரபு வரலாற்றாசிரியர் எழுதியதாகத்தான் செர்வாந்தஸ் கதைவிடுகிறார், அதுவும் தெரியும். அல்ஜியர்ஸில் ஐந்து வருஷம் அடிமையாகக் கிடந்த மனுஷன் இதையெல்லாம் எழுதியது பெரிய விஷயம். ஆனால் வாசிக்காமல் வருகிறவர் கண்ணுக்கு எது தெரியும்? அரை நிமிஷ வீடியோவாக யாராவது வெட்டிப் போட்டால்? நம் மாவட்டத்தில் இதற்கெல்லாம் ஆள் ரெடியாக இருக்கிறார்கள்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
ராமாயணமாக மாற்றிவிட்டால்? ராவணன் சீதையைத் தூக்குகிறான், குயிக்ஸாட் பாய்கிறார்.

பழைய கூத்துப் பைத்தியம்:
தக்கலைத் தம்பி சொல்வது நியாயம். ராமாயணம் வேண்டாம். அவர்கள் விளக்கேற்றிக் கும்பிட்டு ஆடுகிற பாவைகள் அவை, அதன்மேல் அட்டைக் கத்தியைக்கூட ஓங்கச் சொல்லி நான் போய்க் கேட்க மாட்டேன்.

நல்லதங்காள் எடுங்கள். அவர்கள் ஆடுகிற கதைதான், புதிதாக எதுவும் படிக்க வேண்டாம். பஞ்சம் பிழைக்க ஏழு பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவளை, பசித்த பிள்ளைகளுக்குச் சோறு போடாமல் விரட்டுகிறாள் அண்ணன் பெண்டாட்டி மூளி அலங்காரி. அந்தக் கட்டத்தில் கூட்டத்தில் கிழவிகள் மண்ணை வாரித் தூற்றுவதை நான் சின்ன வயசில் பார்த்திருக்கிறேன். எழுந்து போய் அந்த மூளியை நாலு சாத்து சாத்தமாட்டோமா என்று தோன்றாத ஆள் உண்டா? குயிக்ஸாட் எழுந்து போய்ச் சாத்துகிறார், அவ்வளவுதான். கிணற்றடி வரைக்கும் கதையை விடவேண்டாம், அதற்கு முன்னாலேயே அவர் பாய்ந்துவிடட்டும். கோமாளிகள் உச்சிக்குடும்பனும் உளுவத்தலையனும் திரைக்குள்ளிருந்து அவரைப் பார்த்து, யாருடா இந்த ஒல்லிக்குச்சி என்று கேட்டால் மிச்சத்தை அந்த இருவரும் பார்த்துக்கொள்வார்கள். கோமாளிப் பாவைக்கு வசனம் எழுதிக் கொடுக்காதீர்கள், தயவுசெய்து. ஒரே ஆள் உள்ளே உட்கார்ந்து அத்தனை பாவையையும் ஆட்டி அத்தனை குரலும் பேசுகிற கலை அது. உங்கள் காகிதம் அவருக்குத் தடங்கல்.

கோட்டாறு டீச்சர்:
இப்படியானால் நான் வருகிறேன். பள்ளிப் பிள்ளைகளையும் கூட்டி வருவேன். ஒரு நிபந்தனை: வாழ்த்துரை கிடையாது.

பழைய கூத்துப் பைத்தியம்:
நேற்றுச் சாயங்காலம் குழுவின் பெரியவரைப் போய்ப் பார்த்தேன். அவருக்குக் கதை பிடித்துவிட்டது. இப்படி ஒரு கிறுக்கனை நாங்களும் பார்த்திருக்கிறோம், குடித்துவிட்டு ராவணன்மேல் கல்லெறிந்தான் என்றார். நல்ல பாவையை வெட்ட விடமாட்டார், அது எதிர்பார்த்ததுதான். ஆட்டுத்தோலைக் காயவைத்து, மயிர் நீக்கி, வரைந்து, உளியால் துளை போட்டு, சாயம் ஏற்றி முடிக்க ஒரு பாவைக்கு எவ்வளவு வேலை என்று எனக்குக் காட்டினார். துளை வழியாக வெளிச்சம் வந்தால்தான் நகையும் சேலைக்கரையும் திரையில் மினுங்கும், ஒரு துளை இழுத்துக் கிழிந்தால் அந்த இடம் வெறும் வெள்ளைப் பொட்டாக நிற்கும். நல்லதங்காள் பாவையின் தோளில் அப்படி இரண்டு கிழிசல், நூல் போட்டுத் தைத்திருக்கிறார்கள். வெட்டுவதற்கு அட்டையில் தனியாக மூளி அலங்காரி செய்து தருகிறேன் என்றார்.

அவர் வேறொன்றும் கேட்டார். நிதி வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்குக் கூலி உண்டா? உண்டு என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். வடசேரித் தம்பி, இதை முதலில் ஒதுக்கி வையுங்கள்.

வடசேரி வாசகன்:
ஒதுக்கியாச்சு. அன்றைய சம்பளம் எங்கள் கையிலிருந்து, நிதியிலிருந்து அல்ல. ஆட்டம் தொடங்கும் முன்னாலேயே கொடுத்துவிடுவோம்.

ஏலம் பற்றி ஒரு யோசனை. வெட்டுப்பட்ட அட்டைத் துண்டுகளைப் புத்தகத்தில் வருகிற மாதிரியே தரையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து ஏலம் விட்டால்? மூளியின் மூக்கு, மூளியின் கை என்று.

மார்த்தாண்டம் அடுப்பு:
சர்ச் அறுப்புப் பண்டிகையில் ஒரு வாழைக்குலை என்ன விலைக்குப் போகும் என்று தெரியும்தானே. ஏலம் கூவ நல்ல வாய் உள்ள ஆளைப் பிடியுங்கள், மூக்கு நிச்சயம் ஐயாயிரம் தாண்டும்.

என் மெனு: முழு மசூர் பருப்பில் பூண்டும் வெங்காயமும் போட்ட கெட்டிக் குழம்பு, மாட்டிறைச்சியும் கொண்டைக்கடலையும் சேர்த்த சட்டிக் குழம்பு (ஆடு மட்டும் உண்பவர்களுக்குத் தனிச் சட்டி, சைவத்துக்குக் கடலை மட்டும்), குளச்சல் அக்கா சொன்ன கருவாடு, கூட ரொட்டி. குளிர்ச்சிக்கு அஹோபிளாங்கோ. அது தக்காளி வருவதற்கு முந்திய வெள்ளைக் கஸ்பாச்சோ: பாதாம், பூண்டு, ஊறிய ரொட்டி, ஆலிவ் எண்ணெய், வினிகர் அரைத்துக் குளிரவைப்பது, மேலே திராட்சை. பாதாமுக்குப் பதில் அண்டிப்பருப்பு (முந்திரி), துண்டுப் பருப்பு வாங்கினால் விலை கட்டும். வீட்டில் செய்து பார்த்தேன், பூண்டைக் கொஞ்சம் குறைத்தால் போதும், பிள்ளைகள் மோர் என்று நினைத்துக் குடித்துவிட்டன. ஒயின் கிடையாது, திராட்சைச் சாறு, நாணலுக்குப் பதில் பப்பாளித் தண்டுக் குழாய்.

தக்கலை ரசிகன்:
சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு விளையாட்டு. இரண்டாம் பாகத்தில் குயிக்ஸாட்டின் எடுபிடி சாஞ்சோவைக் கவர்னராக்கி விருந்துக்கு உட்காரவைப்பார்கள். பக்கத்தில் ஒரு வைத்தியர் கோலோடு நிற்பார். சாஞ்சோ வாயருகே கொண்டுபோகும் ஒவ்வொரு தட்டையும் கோலால் தொடுவார், பணியாள் உடனே எடுத்துக்கொண்டு போய்விடுவான். இது சூடு, அது ஈரம், உடம்புக்கு ஆகாது என்று. நம் ஆள் ஒருத்தர் வெள்ளைக் கோட்டுப் போட்டுக் கோலோடு பந்தியில் சுற்றட்டும். தொட்ட தட்டு திரும்ப வர 50 ரூபாய் உண்டியலில். சுகர், பிரஷர் உள்ளவர்கள் மேஜைப் பக்கம் கூட்டம் குவியும்.

கோட்டாறு டீச்சர்:
என் வீட்டுக்காரர் டாக்டராக வர ரெடி. வீட்டில் அந்த வேலைதான் செய்கிறார்.

தோகா மக்கா:
இங்கே இருந்து நாங்கள் நாலைந்து பேர் பணம் அனுப்பலாமா? வெளிநாட்டுப் பணம் என்று பின்னால் யாருக்கும் தொந்தரவு வரக்கூடாது.

வடசேரி வாசகன்:
தம்பி, கணக்குத் தணிக்கை பார்க்கும் நண்பரிடம் கேட்டேன். இந்தியக் குடியுரிமை உள்ளவர் வெளிநாட்டில் சம்பாதித்த சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் வராது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் வரும், அதை நாங்கள் வாங்க மாட்டோம். நீங்கள் அனுப்புங்கள், பெயரும் பாஸ்போர்ட் நிலையும் ஒரு வரி எழுதிவிடுங்கள். ரசீது உண்டு, ஆனால் வருமான வரி விலக்கு கிடையாது, எங்களிடம் 80ஜி பதிவு இல்லை.

ஆரல்வாய்மொழிக்காரன்:
பூ? ஏப்ரல் 23-ல் பார்சிலோனாவில் புத்தகமும் ரோஜாவும் கொடுத்துக்கொள்வார்கள். தோவாளைச் சந்தையில் விடியற்காலையிலேயே நான் எடுத்துத் தருகிறேன். வாசலில் ஒரு மேஜை, பழைய புத்தகம் வாங்கினால் ரோஜா இலவசம்.

வடசேரி வாசகன்:
ஆகட்டும். இப்போது உறுதியானது: நாகர்கோவிலில் ஒரு பள்ளி உள்ளரங்கு, ஜன்னல் எல்லாம் மூட முடியும், திரைக்குக் காற்று வராது. ஏப்ரல் 23-க்கு அடுத்து வரும் சனிக்கிழமை. ஆறு மணிக்குக் கூத்து, ஏழரைக்கு ஏலம், அப்புறம் சாப்பாடு. ஒலிபெருக்கி பத்து மணிக்கு மேல் கூடாது, ஒன்பதுக்கே அணைத்துவிடுவோம். காவல் நிலையத்துக்குக் கடிதம் கொடுத்தாகிவிட்டது. சமையல் மார்த்தாண்டம் அண்ணன் பொறுப்பு, உணவுப் பாதுகாப்புப் பதிவு அவரிடம் இருக்கிறது. டிக்கெட் 300, பள்ளிப் பிள்ளைகளுக்கு 50. கூத்து மட்டும் பார்க்கிறவர்களுக்கு உண்டியல்தான், விலை இல்லை. வரவு செலவை மறுவாரம் இதே இழையில் போடுவேன், பெரியவரும் அவர் மகனும் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு.

குயிக்ஸாட் வேஷத்துக்கு ஆள் இன்னும் கிடைக்கவில்லை. உயரம், ஒல்லி, தாடி, வெட்கம் கூடாது. சாஞ்சோவுக்கு மட்டும் ஏகப்பட்ட பேர் வந்துவிட்டார்கள்.

ஆரல்வாய்மொழிக்காரன்:
எங்கள் ஊர் சர்வேயர் ஒருத்தர் இருக்கிறார், அச்சு அசல். கேட்டுவிட்டுச் சொல்கிறேன்.